ஓலை வாசித்த மறுநாள் நடக்கப் போனவள்

செலினைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் அவளுடைய காலணியைப் பற்றித்தான் சொல்வேன். வெள்ளைக் கான்வாஸ் ஷூ, டிரில் டீச்சர்கள் போடுவார்களே, அது. செலின் டிரில் டீச்சர் இல்லை, பூகோள டீச்சர். சேலைக்குக் கீழே அந்த ஷூ எட்டிப் பார்க்க, மைசூர் மண்டி மொஹல்லாவின் சந்துகளைக் கடந்து தினமும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே வருவாள். ஜட்கா வண்டிக்காரர்கள் அவளைக் கூப்பிடுவதுகூட இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போயிருந்தார்கள்.

நான் மோலி, அதே பள்ளியில் தையல் டீச்சர். உட்கார்ந்தே செய்கிற வேலை என்பதால்தான் தையலைப் பிடித்துக்கொண்டேன் என்று செலின் என்னைக் கேலி செய்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட நான் வருஷா வருஷம் தசரா விடுமுறையில் அவளோடு மலையும் ஏரியுமாக நடந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் அவள் வாய்தான். அவள் சொல்லிக் கேட்டால் எந்த ஊரும் அடுத்த தெருவில் இருப்பது போலத் தோன்றும். செருப்பு கடித்துக் கால் கொப்பளித்த பிறகுதான் நமக்குப் புத்தி வரும்.

தசராவுக்கு உலகமே மைசூருக்கு வரும். நாங்கள் அந்த நேரம் பார்த்து வெளியே கிளம்புவோம். பகலெல்லாம் நடை, சாயங்காலம் ஏதாவது ஓர் ஊரில் அரசாங்கப் பயணியர் பங்களா, மறுநாள் காலை மறுபடி நடை. செலினின் அப்பா மரியராஜ் பொதுப்பணித் துறை ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். பங்களாக்களுக்கு அனுமதிச் சீட்டு வாங்கித் தருவது அவர் பாடு. துணைக்குக் கன்னட டீச்சர் கௌரம்மா வருவாள். எங்களைவிடப் பத்து வயது பெரியவள், செருப்பே போடாமல் எங்கள் இருவரையும்விட வேகமாக நடப்பாள். ஆக மூன்று பெண்கள், மூன்று பைகள், ஒரு மூட்டை அவல். ஆண் துணை கிடையாது. இதைப் பற்றி ஊர் பேசியதையெல்லாம் எழுதினால் கை வலிக்கும்.

நான் சொல்ல வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷத்து நடை.

அந்த வருஷம் செலினுக்கு இருபத்தெட்டு வயது. அதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. பெண் ஒல்லி என்றார்கள் ஒரு வீட்டார். பெண் ஊர் சுற்றுகிறாள் என்றார்கள் இன்னொரு வீட்டார். மூன்றாவதாக வந்தவன் அமலதாஸ், ரயில்வே ஆபீசில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று பலகாரத்தைத் தொடாமல், சுவரில் மாட்டியிருந்த மைசூர் ராஜ்யத்து வரைபடத்தின் எதிரே போய் நின்றுவிட்டான். "இந்தச் சின்னச் சின்ன நீலமெல்லாம் ஏரிங்களா? இவ்வளவு இருக்கா?" என்று கேட்டான். செலினுக்கு அந்த நிமிஷமே அவனைப் பிடித்துவிட்டது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பது எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் முறை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் என்று சாமியார் வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். முதல் ஓலை வாசித்துவிட்டால் பெண் தெருவைத் தாண்டக் கூடாது என்பதும் வழக்கம். அமலதாஸ் வீட்டார் முதல் ஓலைக்குக் குறித்த ஞாயிறு, நாங்கள் கிளம்ப வேண்டிய திங்களுக்கு முந்தைய நாள். பங்களாச் சீட்டெல்லாம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது.

செலினின் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஓலை வாசிச்ச பொண்ணு ஊர் ஊரா நடக்கப் போறாளாம்! கேக்கறவங்களுக்கு என்னடி பதில் சொல்றது?"

"நடக்கப் போயிருக்கான்னு சொல்லுங்கம்மா. நாடு சுதந்திரம் வாங்கி ஆறு வருஷம் ஆகுது. ஒரு ஏரியைப் பாக்கப் போறதுக்கு நான் காரணம் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியிருந்தது. வழி முழுக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

நம் நாட்டில் ஒருவர் வெகுதூரம் நடந்தால் அது வேண்டுதல். வேறு எதற்கு நடப்பார்கள்? ஸ்ரீரங்கபட்டணம் போகும் சாலையில் கரும்பு வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, எந்தச் சாமிக்கு என்று கேட்டார். களை பறித்துக்கொண்டிருந்த ஒருத்தி ஓடிவந்து, போகிற இடத்தில் என் பேருக்கும் ஒன்று உடையுங்கள் என்று செலின் கையில் தேங்காயைத் திணித்தாள். நாங்கள் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை என்று செலின் பத்து தடவை சொல்லித் தேங்காயைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "வாங்கிக்கிட்டு வந்திருக்கலாமே" என்றேன் நான். எனக்குத் தேங்காயின் மேல் கண்.

ஸ்ரீரங்கபட்டணத்துப் பங்களாவில் காவலும் சமையலும் பார்த்தவன் தொட்டையன். சோறு பரிமாறும்போதே அவனுக்குப் பொறுக்கவில்லை. "ஏனு ஹரகே, அம்மா?" என்றான். என்ன வேண்டுதல் என்று அர்த்தம்.

ஏதோ ஒரு ஹரகே என்று சொல்லித் தொலையேன், வாயை மூடிக்கொள்வான் என்று கௌரம்மா செலின் காதில் ஓதினாள். செலினா கேட்பாள்? "ஹரகே ஒண்ணும் இல்லப்பா. நடியோக்கே இஷ்டா, அஷ்டே" என்றாள். நடக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

தொட்டையன் அவளை மேலும் கீழும் பார்த்தான். ஒல்லிக் கை, குழி விழுந்த கன்னம், வெள்ளை ஷூ. உள்ளே போனான். காலையில் எங்களுக்குக் காபி வந்தது. செலினுக்கு மட்டும் ஒரு பெரிய லோட்டாவில் பச்சை முட்டை அடித்துக் கலந்த பால் வந்தது. நெஞ்சு வியாதிக்காரர்களுக்கு மலைக் காற்றும் பாலும் முட்டையும்தான் மருந்து என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வேண்டுதல் இல்லை என்றால் இவள் சயரோகக்காரி, வெளியே சொல்ல வெட்கப்படுகிறாள் என்று அவன் முடிவுகட்டிவிட்டான். செலின் மளமளவென்று குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பாண்டவபுரம் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த அதே வேளையில் தொட்டையன் யாரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தான் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. மைசூரிலிருந்து வேலை பார்க்க வந்த ஓர் ஓவர்சியர். எங்கள் கோயிலுக்கு வருகிறவர். அடுத்த நாளே ஊர் திரும்பினார். பாவம் மரியராஜ் பொண்ணு, முட்டைப்பால் குடிச்சுக்கிட்டு மலைக்குப் போயிருக்காம் என்று அவர் போய்ச் சொன்ன இடம் மெட்டில்டா வீடு. மெட்டில்டாதான் அமலதாஸின் அம்மா.

அந்த நேரத்தில் நாங்கள் தொண்ணூர் ஏரிக்கரையில் இருந்தோம். சுற்றிலும் பாறைக் குன்றுகள், நடுவில் தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் காலைத் தொங்கப் போட்டபடி செலின் சொன்னாள்: "மோலி, எனக்கு அமலதாஸை ரொம்பப் பிடிச்சிருக்கு. இந்த இடம் மட்டும் தட்டிப்போச்சுன்னா நான் தாங்க மாட்டேன்." அவள் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. நான் அவளுக்கு அவல் கொடுத்தேன்.

மேல்கோட்டை பங்களாவுக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை, குளத்தைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தோம். பஸ் புழுதியோடு அமலதாஸ் வாசலில் வந்து நின்றான். பின்னாலேயே அவன் அம்மா.

மெட்டில்டா முப்பது வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகியும் வெள்ளைச் சேலையையும் மாரில் தொங்கும் கடிகாரத்தையும் விடவில்லை. யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்கிற ஆள். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"செலின், நான் சுத்தி வளைச்சுப் பேசறவ இல்ல. நீ எதுக்கு நடக்கிற? ஒண்ணு வேண்டுதலா இருக்கணும். இல்லன்னா நெஞ்சுல ஏதோ இருக்கணும். மூணாவதா ஒரு காரணம் உலகத்துல கிடையாது. நெஞ்சு வார்டுல எத்தனையோ பிள்ளைங்களுக்கு நான் கண்ணை மூடி விட்டிருக்கேன். என் மகனுக்கு அந்தக் கதி வேணாம். உண்மையைச் சொல்லு. இல்லன்னா ஞாயித்துக்கிழமை ரெண்டாவது ஓலை வாசிக்க விடமாட்டேன், சாமியார்கிட்ட தடை சொல்லிடுவேன்."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. ஆனால் கோபப்படவும் முழுசாக முடியவில்லை. அந்த அம்மாள் பேசும்போது மகனின் சட்டைக் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

அமலதாஸ் செலினைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனான். தள்ளி என்றால் எனக்குக் கேட்கிற தூரம்தான். "எனக்கு ஒரு சந்தேகமும் இல்லீங்க. மாதாவுக்கு வேண்டுதல்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அம்மாவே கோயில்ல எல்லாருக்கும் சொல்லிடுவாங்க. இத்தோட முடிஞ்சுது."

"எப்படிங்க முடியும்? இந்த வருஷம் ஒரு வேண்டுதல். அடுத்த வருஷம் நடக்கும்போது என்ன வேண்டுதல்? வருஷத்துக்கு ஒரு பொய்யா? அதுவும் மாதா பேருல?"

அடுத்த வருஷமுமா என்று அவன் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காக அவனை நான் மன்னித்தேன்.

செலின் திரும்பி மெட்டில்டாவிடம் வந்தாள். "அத்தை, மூணாவது காரணம் இருக்கு. வாயால சொன்னா இதுவரைக்கும் ஒருத்தரும் நம்பல. அந்த மலை மேல ஏறலாம் வாங்க. என் நெஞ்சை நீங்களே பாத்துக்கலாம்."

மேல்கோட்டை மலைக்குப் படிகள் உண்டு. உச்சியில் நரசிம்மர் கோயில். அடிவாரத்தில் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். செலின் ஷூவைக் கழற்றினாள். மெட்டில்டா தன் கறுப்பு நர்ஸ் ஷூவின் வாரைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைச் சூடான கல்லில் வைத்து, ஒரு கணம் முகம் சுளித்தாள். படியோரத்தில் பூ விற்ற ஐயங்கார் மாமி எங்களைப் பார்த்து, "ஏறிட்டு வாங்கோ. கேட்டதைக் குடுப்பார்" என்றாள்.

"நாங்க ஒண்ணும் கேக்கலையே மாமி" என்றாள் செலின்.

"கேக்காமயா இத்தனை தூரம் வந்தேள்?"

செலின் வழக்கம்போல ஏறும்போதும் வாயை மூடவில்லை. இந்தப் பாறை என்ன பாறை, இந்த மலைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, எந்த ஏரிக்குப் போகிறது என்று வகுப்பே நடத்தினாள். மெட்டில்டா பாடத்தை விட்டு அவள் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள் என்று நினைக்கிறேன். பாதியில் தானே உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். செலின் கை கொடுத்தபோது வேண்டாம் என்றாள், பிறகு பிடித்துக்கொண்டாள்.

உச்சிக்கு வந்ததும் மெட்டில்டா முதலில் செய்தது செலினின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்ததுதான். பிறகு அவளைத் திருப்பி நிறுத்தி முதுகில் காதை வைத்தாள். "மூச்சை இழு. விடு. இன்னொரு தடவை." சாமி கும்பிட வந்தவர்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள். கௌரம்மா வெட்கத்தில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியாகப் புஸ் புஸ் என்று அமலதாஸ் வந்து சேர்ந்தான். மெட்டில்டா அவன் கையையும் பிடித்துப் பார்த்தாள்.

"இவளுக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான்டா எக்ஸ்ரே எடுக்கணும்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அத்தோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். தீரவில்லை.

"சரி, வியாதி இல்ல. அப்ப வேண்டுதல்தான். என்ன வேண்டுதல்?"

"வேண்டுதல் இல்ல அத்தை."

"ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல பத்து பேர் என்னைக் கேப்பாங்க. நான் என்ன சொல்ல? என் மருமக சும்மா சுத்தறான்னா?"

"ஆமா. அதான் உண்மை."

"அப்ப ஓலையை நிறுத்தச் சொல்லவா?"

செலினின் கண் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் அசையவில்லை. "நிறுத்துங்க. நான் ரொம்ப அழுவேன் அத்தை. உங்க மகனை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. ஆனா பொய் சொல்லிட்டு உங்க வீட்டுக்குள்ள வந்தா, ஆயுசு முழுக்க அந்தப் பொய் சொன்னவளாத்தான் நான் அங்க இருக்கணும். அது என்னால முடியாது."

அமலதாஸ் ஒரு அடி எடுத்து வைத்துச் செலின் பக்கத்தில் போய் நின்றான். அவன் செய்தது அவ்வளவுதான். அவனுக்கு அது பெரிய காரியம்.

மெட்டில்டா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கீழே குளம், ஊர், அதைத் தாண்டிக் குன்றுகள், நடுநடுவே அங்கங்கே ஏரிகள். அந்த வருஷம் நல்ல மழை. எல்லா ஏரியிலும் தண்ணீர் நின்றது. ஒன்றைக் காட்டி, "அது என்ன தண்ணி?" என்று கேட்டாள்.

செலின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எது எந்த ஏரி என்று கையை நீட்டிச் சொன்னாள். அழுதாலும் பூகோள டீச்சர் பூகோள டீச்சர்தான். "தொண்ணூர் ஏரி அந்தக் குன்றுக்குப் பின்னால அத்தை. ஒரு நாள் நடை. அடியில கிடக்கிற கல்லுகூடத் தெரியும்."

"ஒரு நாளா?" மெட்டில்டா தன் வெறுங்காலைப் பார்த்தாள். "முப்பது வருஷம் நானும் நடந்திருக்கேன்மா. ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் நடந்ததை நீட்டிப் போட்டா பம்பாய்க்குப் போய் வந்திருக்கலாம். ஒவ்வொரு நடைக்கும் ஒரு படுக்கை நம்பர் இருந்துச்சு." பாதத்தைத் தேய்த்துக்கொண்டாள். "நம்பர் இல்லாம நடந்ததே இல்ல."

பிறகு எழுந்து சேலையை உதறினாள். "அமல், மூணு மணி பஸ்ல நீ ஊருக்குப் போ. நான் இவங்களோட வரேன்."

"நடந்தா?"

"ஒரு தடவை நாடி பாத்துட்டு நோயாளியை அனுப்பற வழக்கம் எனக்கு இல்ல. கூடவே இருந்து பாக்கணும்."

அப்படித்தான் மறுநாள் விடிந்ததும் அவள் எங்களோடு நடந்தாள். முதல் மூன்று மைல் கல்லிலும் செலினை நிறுத்தி நாடி பார்த்தாள். நான்காவது கல்லில் ஒரு புளிய மரம் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். அதற்கப்புறம் கடிகாரத்தைத் தொடவே இல்லை. நான்தான் நொண்டினேன். அவள் என் கொப்பளத்துக்குத் துணி கட்டிவிட்டு, "செருப்பைப் பாத்து வாங்கத் தெரியாத நீ தையல் டீச்சரா?" என்று திட்டினாள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் தொண்ணூர் போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் ஷூவைக் கழற்றிவிட்டு ஏரியில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றவளை, இருட்டுகிறது என்று சொல்லிக் கரையேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மறுநாள் பாண்டவபுரத்தில் ரயில் ஏறி மைசூர் வந்தோம்.

வேண்டுதல் பேச்சை வழியில் அவள் எடுக்கவே இல்லை. செலினும் கேட்கவில்லை. ரயிலில் ஜன்னல் ஓரமாகக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியார் ஓலையை எடுத்தபோது நான் செலினைப் பார்க்கவில்லை. மெட்டில்டாவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முதுகு அசையவில்லை. இரண்டாம் ஓலை வாசித்தாயிற்று.

வெளியே வந்ததும் பெண்கள் மெட்டில்டாவைச் சூழ்ந்துகொண்டார்கள். மேல்கோட்டையிலிருந்து நடந்து வந்தீங்களாமே, இந்த வயசுலயா, என்ன வேண்டுதல், மகன் கல்யாணத்துக்கா என்று ஆளுக்கு ஒன்றாகக் கேட்டார்கள். தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும், எல்லாருக்கும் திருப்தி. செலின் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெட்டில்டா நிமிர்ந்து நின்றாள். "ஒரு வேண்டுதலும் இல்ல. நடக்கப் பிடிச்சுது, நடந்தோம். நானும் என் மருமகளும்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தொட்டையனிடம் பார்த்ததுதான்.

திங்கட்கிழமை காலை நான் செலின் வீட்டில் இருந்தேன். மெட்டில்டா ஒரு பெரிய பால் செம்பும் ஒரு கூடை முட்டையுமாகப் படியேறி வந்தாள். முகம் சிவந்திருந்தது. "விடிஞ்சதுலேருந்து நாலு வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. பாலும் முட்டையும் கையில குடுத்து, குடிங்க, உடம்பைப் பாத்துக்கோங்க சிஸ்டர்னு ஒரே அழுகை. எனக்கு நெஞ்சு வியாதியாம்!"

செலின் வாயைப் பொத்திக்கொண்டாள். பயத்தில் அல்ல.

மெட்டில்டா அவளை முறைத்தாள். அப்புறம் தானாகவே சமையலறைக்குள் போய் இரண்டு லோட்டா எடுத்து, முட்டையை உடைத்து அடித்துப் பால் கலந்தாள். ஒன்றைச் செலின் கையில் கொடுத்தாள்.

"குடி. நம்ம ரெண்டு பேருக்கும்தானே வியாதி."